மொரீசியஸ் பெவிலியனில் ஏன் வெளிநாட்டுப் பெயர்கள்?

2015-ல் மொரீசியஸ் முதல் முறையாக வெனிஸ் பியனாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் கலந்துகொண்டது. கலைஞர் பட்டியலில் 12 பெயர்கள் இருந்தன. ஆறு மொரீசியஸ்காரர்களுடையவை, ஆறு ஐரோப்பியர்களுடையவை. நம் மொரீசியஸின் பெயர் எழுதிய வாசலுக்குள் பாதிப் பேர் வெளியாட்களா என்று யாருக்கும் கேட்கத் தோன்றும். 2026 தொடக்கத்தில் இன்னொரு குழப்பம் வந்தது. தென்னாப்பிரிக்க அரசு, தன் நாட்டின் சார்பில் வெனிஸுக்குப் போகவிருந்த கலைஞரைத் தானே நிறுத்திவிட்டது. ஒரு நாட்டுக்காகக் கலைஞரை அனுப்புவதும் நிறுத்துவதும் யார் கையில் இருக்கிறது?

இரண்டு கேள்விகளையும் ஒன்றாகவே பார்க்கலாம். இரண்டிலும் புரிந்துகொள்ள வேண்டியது, அழைக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதைத்தான்.

முதலில் சில சொற்கள்

பியனாலே: இத்தாலிய மொழியில் 'இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை' என்று பொருள். வெனிஸ் நகரம் 1895-ல் தொடங்கியது. பிறகு உலகம் முழுக்கப் பரவிய இந்தப் பெயர், கொச்சியில் 'கொச்சி-முசிறி பியனாலே' ஆனது.

பெவிலியன்: கிரிக்கெட் மைதானத்துப் பெவிலியனை மறந்துவிடுங்கள். வெனிஸில் ஒரு நாட்டுக்கென ஒதுக்கிய காட்சிக்கூடத்துக்கு இந்தப் பெயர். முதல் வெளிநாட்டுப் பெவிலியனைப் பெல்ஜியம் 1907-ல் கட்டியது.

கமிஷனர்: நாட்டின் சார்பில் கையெழுத்துப் போடும் ஆள் அல்லது அமைப்பு. அரசு நியமிக்கும். பணத்துக்கும் பொறுப்பு.

க்யூரேட்டர்: எந்தக் கலைஞர், எந்தப் படைப்பு, எது எங்கே நிற்கும் என்று முடிவு செய்பவர். நாடக இயக்குநர் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

ரெசிடென்சி: கலைஞர் வேறோர் ஊருக்குப் போய்ச் சில வாரமோ சில மாதமோ தங்கி அங்கேயே வேலை செய்வது.

பெவிலியன் எப்படிக் கிடைக்கிறது

வெனிஸில் இரண்டு காட்சிகள் ஒன்றாக நடக்கின்றன. ஒன்று, பியனாலே நியமிக்கும் க்யூரேட்டர் உலகம் முழுவதிலிருந்தும் கலைஞர்களைத் தேர்ந்து அமைக்கும் மையக் காட்சி. மற்றது நாடுகளின் பெவிலியன்கள். ஜியார்தீனி என்ற தோட்டத்தில் 29 பெவிலியன்கள் நிலையாக நிற்கின்றன. பெரும்பாலும் ஐரோப்பிய நாடுகளுடையவை. ஆப்பிரிக்காவிலிருந்து எகிப்துக்கு மட்டும்தான் அங்கே சொந்த இடம். 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் உலகம் யார் கையில் இருந்தது என்பதை அந்தத் தோட்டத்தை ஒரு சுற்று நடந்தால் தெரிந்துகொள்ளலாம்.

பிந்தி வந்த நாடுகள் என்ன செய்யும்? ஊருக்குள் பழைய மாளிகையையோ கிடங்கையோ வாடகைக்குப் பிடிக்க வேண்டும். நடைமுறை இதுதான்:

1. இத்தாலிய அரசு அங்கீகரித்த நாடாக இருக்க வேண்டும். அங்கீகாரம் இல்லாதவர்கள் கட்டணம் கட்டி 'துணை நிகழ்ச்சி' என்ற பெயரில்தான் உள்ளே வரலாம்.

2. அந்த நாட்டு அரசு கமிஷனரின் பெயரை எழுதி அனுப்ப வேண்டும். இங்கே அமைச்சகத்தின் முத்திரை இல்லாமல் எதுவும் நகராது.

3. செலவு முழுவதும் நாட்டினுடையது. வாடகை, பெட்டி, காப்பீடு, விளக்கு, காவல், கையேடு எல்லாமே. 2015 பியனாலே மே 9 முதல் நவம்பர் 22 வரை நடந்தது. ஏறக்குறைய 28 வாரம். திறப்பு விழாவுக்கு ரிப்பன் வெட்டிவிட்டு ஊர் திரும்ப முடியாது. கடைசி நாள் வரை காலையில் கதவைத் திறக்க ஓர் ஆள் வேண்டும்.

4. உள்ளே யாரைக் காட்ட வேண்டும் என்பதற்குக் குடியுரிமை விதி எதுவும் கிடையாது. பாஸ்போர்ட்டை யாரும் கேட்பதில்லை.

நாலாவது விதி பலருக்குத் தெரிவதில்லை. ஒலிம்பிக் மாதிரி நினைத்துக்கொள்கிறோம். ஒலிம்பிக்கில் ஓடுபவர் அந்த நாட்டுக் குடிமகனாக இருந்தாக வேண்டும். வெனிஸில் அந்தக் கட்டாயம் இல்லை.

ஒரே காரியம், மூன்று பெயர்

விதி திறந்திருக்கும் இடத்தில் நல்லதும் நடக்கும், ஏமாற்றும் நடக்கும். மூன்று பெவிலியன்களைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

முதலாவது ஜெர்மனி, 2013. அந்த ஆண்டு ஜெர்மனியும் பிரான்சும் தங்கள் கட்டடங்களையே ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டன. ஜெர்மனியின் பெயரில் காட்டப்பட்ட நால்வர்: சீனாவின் ஐ வெய்வெய், இந்தியாவின் தயானிதா சிங், தென்னாப்பிரிக்கப் புகைப்படக்காரர் சான்டு மொஃபோகெங், ஜெர்மனியில் பிறந்த ரொமுவால்ட் கர்மாக்கர். மூன்று பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். ஜெர்மனியின் இடத்தை வெளியார் பிடித்துக்கொண்டார்கள் என்ற பேச்சு இல்லை. ஜெர்மனி தன் வாசலைத் திறந்துவிட்டது என்றே எழுதினார்கள். அதற்கு 20 ஆண்டு முன்பு, 1993-ல், கொரியாவில் பிறந்த நாம் ஜுன் பைக்கை ஹான்ஸ் ஹாக்கேயுடன் சேர்த்து அனுப்பிய ஜெர்மனிக்கு, சிறந்த பெவிலியனுக்கான தங்கச் சிங்க விருதும் கிடைத்திருந்தது.

இரண்டாவது கென்யா. 2013-ல் கென்யாவின் பெயரில் திறந்த பெவிலியனில் பெரும்பாலோர் சீனக் கலைஞர்கள். மாலிந்திக் கடற்கரையில் குடியேறிய ஓர் இத்தாலியரும் இருந்தார். 2015-ல் திரும்பவும் அதே மாதிரிப் பட்டியல் வந்தபோது நைரோபிக் கலைஞர்கள் கொதித்துப்போனார்கள். மைக்கேல் சோய் என்ற ஓவியர் இந்தக் கூத்தைக் கேலி செய்து ஓர் ஓவிய வரிசையே தீட்டினார். கையெழுத்து இயக்கம் நடந்தது. கடைசியில் கென்ய அரசே அந்தப் பெவிலியனைத் தன்னுடையதல்ல என்று கைகழுவியது. 2017-ல்தான் கென்யக் கலைஞர்களைக் கொண்ட பெவிலியன் வந்தது. அதுவும் அரசு தருவதாகச் சொன்ன பணம் நேரத்துக்கு வராமல், தட்டுத்தடுமாறி.

மூன்றாவது நாம். அதே 2015. அந்த ஆண்டு பங்கேற்ற 89 நாடுகளில் முதல் முறையாக வந்தவை ஐந்து: கிரெனடா, மங்கோலியா, மொசாம்பிக், செஷெல்ஸ், மொரீசியஸ். ஐந்தில் மூன்று இந்தியப் பெருங்கடல் நாடுகள். மொரீசியஸ் பெவிலியன் வெனிஸின் ஃப்ளாஞ்சினி மாளிகையில் இருந்தது. கமிஷனர் பொறுப்பு 'பார்ட்டாஜ்' என்ற மொரீசியஸ் கலைஞர் அமைப்பிடம். பிரெஞ்சில் 'பகிர்தல்' என்று பொருள். அந்தச் சொல்லுக்குள் 'ஆர்ட்' ஒளிந்திருப்பதைப் பெரிய எழுத்தில் காட்டுவார்கள். க்யூரேட்டர்கள் அல்ஃப்ரெடோ க்ராமரொட்டி, ஓல்கா யூர்கென்சன். சுல்தானா ஹவுக்கிம், நிர்மல் ஹரி, அலிக்ஸ் ல ஜூஜ், கிருஷ்ணா லுச்சுமுன், நீர்மலா லக்கினரேன், கவினாஷ் தோமூ ஆகிய ஆறு பேர் இங்கிருந்து போனார்கள். அவர்களோடு ஐரோப்பாவிலிருந்து ஆறு பெயர்கள். அதில் பிரான்சின் லோர் ப்ரூவோ 2013-ல் பிரிட்டனின் டர்னர் பரிசு வாங்கியவர். 2019-ல் பிரான்சு நாட்டுப் பெவிலியனையே அவருக்குக் கொடுத்தார்கள்.

ஜெர்மனி செய்தது பெருந்தன்மை, கென்யாவின் பெயரில் நடந்தது மோசடி. மொரீசியஸை எந்தத் தட்டில் வைப்பது?

எதை வைத்து எடை போடுவது

வெளிநாட்டுப் பெயர்களை எண்ணினால் விடை கிடைக்காது. எண்ணிக்கைப்படி பார்த்தால் ஜெர்மனியும் கென்யாவும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். நான்கு கேள்விகள் கேட்டால் வேறுபாடு தெரியும்.

1. அழைத்தது யார்? ஜெர்மனியில் அரசு நியமித்த க்யூரேட்டர் அழைத்தார். கென்யாவின் பெயரில் அழைத்தவர்கள் நைரோபியில் யாருக்கும் பதில் சொல்லக் கடமைப்படாதவர்கள். மொரீசியஸில் அழைத்த அமைப்பு இந்தத் தீவிலேயே 2003 முதல் வேலை செய்து வந்த கலைஞர் குழு. வேர் இங்கே இருந்தது.

2. அழைக்காதிருந்தால் உள்ளூர்க் கலைஞருக்கு இடம் இருந்ததா? ஜெர்மன் கலைஞர்களுக்கு அதே நகரில் ஆண்டுதோறும் ஆயிரம் வாசல் உண்டு. ஒரு முறை விட்டுக்கொடுத்தால் நட்டமில்லை. கென்யக் கலைஞருக்கு இருந்தது அந்த ஒரு வாசல்தான். பணக்காரர் வீட்டில் விருந்தாளி மெத்தையில் படுத்துக்கொள்வதும், ஒற்றைப் பாய் உள்ள வீட்டில் விருந்தாளி பாயைப் பிடித்துக்கொள்வதும் ஒன்றாகுமா?

3. பணம் எங்கிருந்து வந்தது, எதற்காக? சிறிய நாட்டுப் பெவிலியனுக்கு வெளியாள் பணம் கொடுத்து, பதிலுக்குப் பட்டியலில் இடம் கேட்பது கலை உலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த, யாரும் உரக்கப் பேசாத பழக்கம். ஏழை நாட்டு அரசுக்குச் செலவில்லாமல் பெயர் கிடைக்கிறது; பணம் கொடுத்தவருக்கு 'வெனிஸில் காட்டியவர்' என்ற பட்டம் கிடைக்கிறது. இரு தரப்புக்கும் லாபம் என்பதால்தான் இது நடந்துகொண்டே இருக்கிறது.

4. முன்னும் பின்னும் ஏதாவது இருந்ததா? வந்த கலைஞர்களுக்கும் உள்ளூர்க் கலைஞர்களுக்கும் அந்தக் காட்சிக்கு முன்பே தொடர்பு இருந்ததா, முடிந்த பிறகு நீடித்ததா?

இந்த நாலையும் வைத்துப் பார்த்தால் மொரீசியஸின் 2015 பெவிலியன் கென்யாவின் பக்கம் வராது என்பது என் கருத்து. ஆனால் குறையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். கமிஷனராக இருந்த அமைப்பை நடத்துபவரும், க்யூரேட்டர்களில் ஒருவரும் கலைஞர் பட்டியலிலும் இருந்தார்கள். பரிமாறுகிறவரே பந்தியிலும் உட்கார்ந்த மாதிரி. சின்னத் தீவில் ஒரே ஆள் நாலு தொப்பி போட்டுக்கொள்வது தவிர்க்க முடியாததாக இருக்கலாம். கோயில் சங்கமோ நாடகக் குழுவோ நடத்தியவர்களுக்கு இது புதிதில்லை. அதை வெளிப்படையாக எழுதிவிட்டால் போதும், சந்தேகம் பாதி தீர்ந்துவிடும்.

2017-ல் மொரீசியஸ் பெவிலியனில் மைக்கேல் லால்ஜியுடன், 2008-லேயே காலமாகிவிட்ட அமெரிக்க ஓவியர் ராபர்ட் ராஷன்பெர்க்கின் படைப்பும் இருந்தது. பெரிய பெயர், கூட்டம் வரும். அதை மறுக்கவில்லை. ஆனால் போய்ச் சேர்ந்தவரோடு கூட்டுப்படைப்பு என்று எப்படிச் சொல்வது? அதைப் பக்கத்துச் சுவர் என்று சொல்லலாம்.

பெயர் எங்கே நிற்கிறது

பெயர் வரிசையில் என்ன இருக்கிறது என்று மொரீசியஸ் தமிழர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1998-ல் புதிதாக அச்சிட்ட ரூபாய் நோட்டுகளில் தமிழ் எழுத்து வழக்கமான இடத்திலிருந்து இந்திக்குக் கீழே இறங்கியபோது எழுந்த எதிர்ப்பில், அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்று மறுபடி அச்சிட்டார்கள். ஒரு வரி மேலே, ஒரு வரி கீழே, அவ்வளவுதான் மாற்றம். ஆனால் யார் முதலில் வந்தவர், யாருக்கு என்ன மரியாதை என்ற முழுக் கதையும் அந்த ஒரு வரியில் இருந்தது.

கண்காட்சிச் சுவரில் ஒட்டும் பெயர்ச்சீட்டும் அப்படித்தான். தைப்பூசக் காவடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஆண்டும் வெளிநாட்டுப் புகைப்படக்காரர்கள் வருகிறார்கள். அலகு குத்திய முகம், முதுகில் வரிசையாகத் தொங்கும் எலுமிச்சம்பழம், ஆணிச் செருப்பு. படம் எங்கோ ஓர் ஐரோப்பிய நகரச் சுவரில் பெரிதாகத் தொங்கும். கீழே புகைப்படக்காரர் பெயர், ஆண்டு, ஊர். முதுகைக் கொடுத்தவர் பெயர் இருக்காது. காவடியைக் கட்டியவர் பெயரும் இருக்காது. மயிலிறகு, தென்னங்குருத்து, பூ எல்லாம் வைத்து இரவெல்லாம் உட்கார்ந்து கட்டிய அந்த வளைவு ஒரு சிற்பம். அதைச் செய்த கைக்குச் சீட்டில் இடமில்லை. இதைப் 'பண்பாட்டுப் பரிமாற்றம்' என்று அழைப்பிதழில் அச்சடிப்பார்கள். பரிமாற்றம் என்றால் இரண்டு பக்கமும் ஏதாவது கை மாற வேண்டும். இங்கே ஒரு பக்கம் மட்டும்தான் போகிறது.

சரி, உண்மையான கூட்டு வேலை எப்படி இருக்கும்? நம் பக்கத்திலேயே ஒன்று உண்டு. இந்தத் தீவின் பல கோயில்களில் கோபுர வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஸ்தபதிகள் வருகிறார்கள். மாதக் கணக்கில் தங்குகிறார்கள். உள்ளூர்க் கொத்தனார்கள் சிமெண்டைக் குழைக்கிறார்கள். கடற்காற்றுக்கு எந்தக் கலவை தாங்கும், புயலுக்கு எவ்வளவு கம்பி வேண்டும் என்று சொல்வது அவர்கள்தான். ஸ்தபதி மரபைச் சொல்கிறார், கொத்தனார் மண்ணைச் சொல்கிறார். இரண்டும் சேராமல் கோபுரம் நிற்காது. கலை உலகம் ரெசிடென்சி என்று பெயர் வைத்ததற்கு முன்பே, 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கைவினைஞர்களைக் கூட்டிவந்து போர்ட் லூயியைக் கட்டிய காலத்திலேயே, இந்த மாதிரி வேலை இங்கே தொடங்கிவிட்டது. அங்கேயும் பெயர் எழுதும் வழக்கம் இல்லைதான். நன்கொடை கொடுத்தவர் பெயர் மட்டும் கல்லில் இருக்கும்.

பட்டறை என்ற இன்னொரு வழி

பெவிலியன் மேலிருந்து வருவது: அரசு, கமிஷனர், க்யூரேட்டர், பிறகு கலைஞர். இதற்கு நேர் எதிரான ஒரு முறை 1982-ல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு பண்ணையில் தொடங்கியது. பிரிட்டிஷ் சிற்பி ஆன்டனி காரோவும் கலை ஆர்வலர் ராபர்ட் லோடரும் அமெரிக்கா, கனடா, பிரிட்டன் மூன்று நாட்டுக் கலைஞர்களையும் இரண்டு வாரம் ஒன்றாகத் தங்கி வேலை செய்ய வைத்தார்கள். மூன்று நாடு என்பதால் 'டிரையாங்கிள்' என்று பெயர். விதிகள் எளியவை. பழக்கப்பட்ட இடத்தை விட்டு வா. ஒரே கூரைக்குள் வேலை செய். விற்பனை கிடையாது, பரிசு கிடையாது. கடைசி நாள் கதவைத் திறந்து ஊர் மக்களைக் கூப்பிடு.

இது ஆப்பிரிக்காவுக்கு வந்த விதம் கவனிக்கத்தக்கது. தென்னாப்பிரிக்க ஓவியர் டேவிட் கொலோவானேயும் பில் ஐன்ஸ்லியும் 1985-ல் 'துபேலோ' பட்டறையைத் தொடங்கினார்கள். நிறவெறி ஆட்சி உச்சத்தில் இருந்த காலம். கறுப்பினக் கலைஞருக்கு நல்ல கலைக்கல்லூரியும் இல்லை, ஸ்டூடியோவும் இல்லை. வெள்ளையரும் கறுப்பரும் ஒரே இடத்தில் தங்கி வண்ணம் குழைப்பதே அன்று அரசியல். 1991-ல் ஜோகன்னஸ்பர்க்கில் 'பேக் ஃபேக்டரி' ஸ்டூடியோ இதன் தொடர்ச்சியாக வந்தது. விமர்சனமும் இருந்தது. ஊர் பற்றி எரியும்போது பெரிய பெரிய அரூப ஓவியம் வரைவது அமெரிக்க ருசியை இறக்குமதி செய்வதுதானே என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பட்டறை என்ற பெயரே ஒன்றைச் சமத்துவமாக்கிவிடாது; வண்ணம் வாங்கும் பணம் எங்கிருந்து வருகிறதோ அங்கிருந்து ருசியும் கொஞ்சம் வரும்.

டெல்லியில் 1997-ல் 'கோஜ்', கொழும்பில் 2000-ல் 'தீர்த்த' என்ற கலைஞர் குழுக்களாக இந்தப் பட்டறை வலை நம் கடல் வரை நீண்டது. மொரீசியஸின் பார்ட்டாஜும் இதே வலையைச் சேர்ந்ததுதான். வெனிஸுக்குப் போன 2015-க்கு முன்பே சர்வதேசப் பட்டறைகள் நடத்திப் பழகியவர்கள். மேலே கேட்ட நாலாவது கேள்விக்கு, 'முன்னும் பின்னும் ஏதாவது இருந்ததா' என்பதற்கு, இங்கேதான் பதில் இருக்கிறது.

கொழும்பின் தீர்த்த குழு பற்றி ஒரு சொல். போர்நிறுத்த காலத்தில், 2004-ல், தெற்கின் சிங்களக் கலைஞர்களும் யாழ்ப்பாணத் தமிழ்க் கலைஞர்களும் யாழ் பொது நூலகத்தில் 'அகம்-புறம்' என்ற பெயரில் கண்காட்சி வைத்தார்கள். 1981-ல் எரிக்கப்பட்டு மீண்டும் எழுந்த கட்டடம் அது. ஒரே தீவுக்குள் இரண்டு மொழிக்காரர்கள் சேர்ந்து ஒரு சுவரைப் பங்கிடுவது, வெனிஸில் பத்து நாட்டுக்காரர் சேர்வதைவிடக் கடினமானது.

அந்த யாழ்ப்பாண ஓவியர்களில் ஒருவரான தா. சனாதனன் பின்னர் செய்த ஒரு வேலை, கூட்டுப்படைப்புக்கு நல்ல இலக்கணம். போரில் வீடிழந்தவர்களிடம், அவர்கள் வாழ்ந்த வீட்டை நினைவிலிருந்து வரையச் சொன்னார். கிணறு எங்கே, மாமரம் எங்கே, சாமி அறை எந்தப் பக்கம் என்று அவர்கள் கோணல்மாணலாக வரைந்ததைக் கட்டட வரைபடமாக மாற்றினார்கள். அதற்கு மேல் சனாதனன் தன் ஓவியத்தை வைத்தார். மூன்று அடுக்கும் தனித்தனியாகத் தெரியும். ஒருவர் கை இன்னொருவர் கையை அழிக்கவில்லை. வீட்டுக்காரர், வரைபடக்காரர், ஓவியர் என மூவரில் யாரை எடுத்துவிட்டாலும் அந்த வேலை இல்லை.

நாடே வேண்டாம் என்ற முயற்சி

பெவிலியன் முறையையே தூக்கி எறிந்தவர்களும் உண்டு. ஜோகன்னஸ்பர்க் பியனாலே 1995-ல் தொடங்கியது. 1997-ல் நடந்த இரண்டாவதை அமைத்தவர் நைஜீரியாவில் பிறந்த ஒக்வுயி என்வெசோர். நாடு நாடாகப் பிரிக்காமல், வணிகப் பாதைகளையும் குடிபெயர்வையும் வைத்துக் காட்சியை அமைத்தார். நம் முன்னோர் கப்பலேறிய கதைக்கு அந்தச் சட்டகம் அப்படியே பொருந்தும். ஆனால் நகராட்சியிடம் பணம் தீர்ந்துபோய், குறித்த நாளுக்கு முன்பே கதவை மூடினார்கள். மூன்றாவது நடக்கவேயில்லை. அதே என்வெசோர்தான் 2015-ல், மொரீசியஸ் முதல் முறை போன ஆண்டில், வெனிஸின் மையக் காட்சிக்கு க்யூரேட்டர்.

2012 டிசம்பர் 12 அன்று தொடங்கிய கொச்சி பியனாலேயிலும் பெவிலியன்கள் இல்லை. கலைஞர்களே தொடங்கியது. வெளியூர்க் கலைஞர்கள் பலர் ஃபோர்ட் கொச்சிக்கு வந்து, உள்ளூர்த் தச்சரையும் பற்றவைப்பவரையும் வைத்து அங்கேயே செய்கிறார்கள். பழைய மசாலாக் கிடங்குகளில் மிளகு வாசத்தோடு படைப்பு நிற்கும். பெவிலியன் இல்லாததால் 'இது எந்த நாடு' என்ற கேள்வி வாசலில் எழுவதில்லை. ஆனால் நாட்டின் பெயரால் வரும் பணமும் இல்லை. ஒவ்வொரு பதிப்புக்கும் பணம் தேடி அலைய வேண்டியிருக்கிறது.

பெட்டியும் படகும்

இந்தப் பகுதி அலுப்பாக இருக்கும். ஆனாலும் பல கண்காட்சிகள் இங்கேதான் முடிவாகின்றன.

1. பயணம்: மொரீசியஸ் குடிமக்கள் 2009 முதல் ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்குக் குறுகிய காலப் பயணத்துக்கு விசா எடுக்க வேண்டியதில்லை. தென்னாப்பிரிக்க, இந்திய, இலங்கைக் கலைஞருக்கு இந்தச் சலுகை இல்லை. ஐந்து நாட்டுக் கலைஞர் சேரும் கூட்டு வேலையில் யாராவது ஒருவர் தூதரக வாசலில் நின்றுகொண்டிருப்பார்.

2. சுங்கம்: படைப்பைக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொண்டுவருவதற்கு 'ஏடிஏ கார்னே' என்ற தற்காலிக அனுமதிப் புத்தகம் உண்டு. அது இருந்தால் வரி கட்டாமல் உள்ளே போய் வெளியே வரலாம். இங்கே வர்த்தகச் சபையிடம் வாங்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், போன இடத்தில் படைப்பு விற்றுவிட்டால் கணக்கு மாறும். கலைஞருக்கு மகிழ்ச்சி, சுங்கத்துக்கு வேலை.

3. காப்பீடு: 'ஆணியிலிருந்து ஆணி வரை' என்பார்கள். ஸ்டூடியோச் சுவரில் ஆணியிலிருந்து கழற்றிய நொடி முதல் திரும்பி வந்து அதே ஆணியில் மாட்டும் வரை. வெனிஸில் லாரி கிடையாது. கடைசிக் கட்டம் படகில், பிறகு படிக்கட்டில், ஆள் தூக்கி.

திருப்பிக் கொண்டுவரும் செலவே இல்லாத படைப்புகளும் உண்டு. 2013-ல் முதல் முறையாகப் போன அங்கோலா, எட்சன் சாகாஸ் எடுத்த லுவாண்டா நகரப் படங்களைச் சுவரொட்டிகளாக அச்சிட்டுத் தரையில் அடுக்கி வைத்தது. பார்வையாளர்கள் எடுத்துக்கொண்டு போகலாம். சுற்றிலும் சுவரில் பழைய இத்தாலிய ஓவியங்கள். அந்தப் பெவிலியனுக்குத்தான் அந்த ஆண்டுத் தங்கச் சிங்கம் கிடைத்தது. பெட்டியில் போட்டுத் திருப்பிக் கொண்டுவர வேண்டிய படைப்பு அங்கே இல்லவே இல்லை.

4. காகிதம்: இரண்டு பேர் சேர்ந்து செய்தால் படைப்பு யாருடையது? மொரீசியஸில் 2014-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. மற்றவர் நாட்டில் அவர் நாட்டுச் சட்டம். எது செல்லும் என்று பிறகு சண்டை போடுவதைவிட, தொடங்கும் முன் ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்வது நல்லது. பெயர் எந்த வரிசையில், விற்றால் பங்கு எப்படி, மறுபடி காட்ட யார் சம்மதம் வேண்டும், முடிந்த பிறகு பொருளை யார் வைத்துக்கொள்வது. நண்பர்கள்தானே என்று இதைத் தள்ளிப்போடுவார்கள். நண்பர்களுக்குத்தான் இது அதிகம் தேவை.

பெவிலியனே இல்லாதவர்கள்

நமக்கு விமானத்தில் முக்கால் மணி நேரத் தூரத்தில் இருக்கும் ரீயூனியனை எடுத்துக்கொள்ளுங்கள். 1946 முதல் பிரான்சின் மாவட்டம். தனி நாடு இல்லை என்பதால் தனிப் பெவிலியன் கிடையாது. ரீயூனியன் கலைஞர் வெனிஸில் நாட்டின் சார்பில் நிற்க வேண்டுமானால் பாரிஸ் அவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனால் பிரான்சின் பகுதி என்பதால் பொதுப் பணத்தில் சமகாலப் படைப்புகளை வாங்கிச் சேர்க்கும் நிதியம் அங்கே இருக்கிறது. நமக்கு வாசல் உண்டு, பணம் இல்லை. அவர்களுக்குப் பணம் உண்டு, வாசல் இல்லை. இரண்டு தீவுக் கலைஞர்களும் அடிக்கடி சேர்ந்து வேலை செய்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்று தோன்றுகிறது.

தமிழுக்கும் பெவிலியன் இல்லை. மொழிக்கோ இனத்துக்கோ வெனிஸ் இடம் தருவதில்லை. மொரீசியஸ் தமிழர் மொரீசியராக, டர்பன் தமிழர் தென்னாப்பிரிக்கராக, யாழ்ப்பாணத்தவர் இலங்கையராகப் போக வேண்டும். அவர்கள் மூவரையும் ஒரே அறையில் சேர்க்க விரும்பும் க்யூரேட்டருக்குப் பட்டறையோ, கொச்சி மாதிரி நாடில்லாத பியனாலேயோதான் வழி.

தென்னாப்பிரிக்காவில் 2026-ல் நடந்தது

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம். தென்னாப்பிரிக்கா வெனிஸில் பழைய ஆயுதக் கிடங்குப் பகுதியில் நீண்டகாலக் குத்தகைக்கு இடம் வைத்திருக்கிறது. 2026-க்குச் சுயேச்சையான தேர்வுக் குழு கேப்ரியல் கொலையத் என்ற கலைஞரைத் தேர்ந்தெடுத்தது. 2015 முதல் அவர் தொடர்ந்து செய்துவரும் ஒரு நிகழ்த்துகலை: பாடகிகள் ஒருவர் பின் ஒருவராக மேடையேறி ஒரே ஸ்வரத்தை இழுத்துப் பாடுவார்கள். ஒருவர் மூச்சு முடியும் இடத்தில் அடுத்தவர் எடுத்துக்கொள்வார். வன்முறையில் கொல்லப்பட்ட பெண்களுக்கான இரங்கல். நம் ஒப்பாரியை அறிந்தவர்களுக்கு இந்த வடிவத்தை விளக்க வேண்டியதில்லை. வெனிஸுக்கான பதிப்பில் காஸாவில் கொல்லப்பட்ட ஒரு பெண் கவிஞருக்கான பகுதியும் இருந்தது. அது பிளவை உண்டாக்கும் என்று கூறிக் கலை அமைச்சர் கேட்டன் மெக்கென்சி ஜனவரியில் ஏற்பாட்டை ரத்து செய்தார். கலைஞர் நீதிமன்றம் போனார். பிப்ரவரியில் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது.

காஸா பற்றி ஒருவருக்கு என்ன கருத்து இருந்தாலும், இங்கே கவனிக்க வேண்டியது பூட்டும் சாவியும். தேர்வுக் குழு சுயேச்சையாக இருந்தது. வாசலின் சாவி அமைச்சகத்திடம் இருந்தது. 2015-ல் கென்ய அரசு, தன் பெயரைத் தவறாகப் பயன்படுத்திய பெவிலியனைக் கைகழுவ முடிந்ததும் இதே சாவியால்தான். ஏமாற்றுக்காரரை வெளியேற்றும் அதிகாரமும் பிடிக்காத கலைஞரை வெளியேற்றும் அதிகாரமும் ஒரே கையில் இருக்கின்றன. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் பிடுங்க இந்த முறையில் வழியில்லை.

அடுத்த முறை மொரீசியஸ் பெயரில் ஒரு கலைஞர் பட்டியல் வரும்போது, வெளிநாட்டுப் பெயர்களை எண்ணுவதற்கு முன்னால் பட்டியலின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும் இரண்டு வரிகளைப் பாருங்கள். ஒன்றில் கமிஷனர் பெயர் இருக்கும். இன்னொன்றில் பணம் கொடுத்தவர்களின் பெயர்கள் இருக்கும்.